யன்னலில் மோதி விழுந்த குருவி த்ரஷ் என்கிற பூங்குருவிதானா? எங்கள் திருகோணமலையில் பூங்குருவி உண்டா?

பாலையூற்றுக்காரி:

வணக்கம். பறவைகளைப் பற்றிப் படித்தவள் அல்ல நான். வளவுக்கு வருகிற காகம், புலுனி, செண்பகம், மாம்பழத்தி, வண்ணாத்திக் குருவி, இவற்றைத்தான் பெயர் சொல்லிக் காட்டத் தெரியும். போன கிழமை நடந்த ஒன்றால் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள்.

கச்சான் ஓய்ந்து, காற்றே இல்லாத இரவு அது. கடல் பக்கம் மின்னல் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது, மழை இறங்கவில்லை. விடியப்புறம் ஐந்தரை இருக்கும். தேத்தண்ணீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்கிறேன், குசினி யன்னலில் 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ கல் எறிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், சீமெந்துத் தரையில் ஒரு குருவி மல்லாந்து கிடக்கிறது.

கையில் எடுத்தேன். இவ்வளவு நிறம் உள்ள குருவியை நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. முதுகு பாசிப்பச்சை. தோளில் நகம் அளவுக்கு மினுங்கும் நீலம். கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்துவிட்டது போலக் கறுப்புப் பட்டை. தொண்டை வெள்ளை, வயிறு சந்தன நிறம், வாலடியில் குங்குமம் கொட்டியது மாதிரிச் சிவப்பு. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, கத்தரித்துவிட்டது போலக் கட்டை. கால் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். கண் அரைவாசி மூடியிருந்தது. இதயம் அடிப்பது என் விரலுக்குத் தெரிந்தது.

மகனின் சப்பாத்துப் பெட்டிக்குள் பழைய சாரத் துண்டு ஒன்றை விரித்து, மூடியில் துளை போட்டு, அறையை இருட்டாக்கி வைத்தோம். ஏழரை மணிக்குப் பெட்டிக்குள் கால் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. கிணற்றடியில் வாழைக்குக் கீழே கொண்டுபோய்த் திறந்தோம். வெளியே பாய்ந்து, ஒரு நிமிடம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் இரண்டு தத்துத் தத்தி, தாழப் பறந்து கிளுவை வேலிக்குள் போய்விட்டது.

அப்பா பார்த்த உடனே "இது ஆறுமணிக் குருவி" என்றார். பெரியப்பா விட்டுப்போன அட்டை இல்லாத பழைய ஆங்கிலப் பறவைப் புத்தகத்தில் இதே படம் இருக்கிறது. அதில் 'கிரவுண்ட் த்ரஷ்' என்று போட்டிருக்கிறது. படத்தை ஒஸ்லோவில் இருக்கிற சித்தப்பா மகனுக்கு அனுப்பினால், "அக்கா, இது த்ரஷ் இல்லை. த்ரஷ் என்றால் மண்ணிறம், நெஞ்சில் புள்ளி, எங்கள் வீட்டுக்கு முன்னால் பனிக்குள் நிற்கும்" என்கிறான்.

இதற்கிடையில் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒப்படை. ஏதாவது ஒரு பறவைக் குடும்பத்தை எடுத்து, அது உலகில் எங்கெங்கே எப்படி வாழ்கிறது என்று எழுத வேண்டும். இந்தக் குருவி விழுந்ததோடு அவன் த்ரஷ்தான் என்று பிடிவாதமாக நிற்கிறான். எங்கள் ஊரில் இல்லாத பறவையை ஏன் எழுத வேண்டும் என்பது அப்பாவின் கேள்வி. உண்மையில் திருகோணமலையில் த்ரஷ் இல்லையா?

மூதூர் கமரா:

உங்கள் அப்பா சொன்னது சரி. ஆறுமணிக் குருவிதான். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா. காலை ஆறு, பின்னேரம் ஆறு என்று இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். வட இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டெம்பர், ஒக்டோபரில் தெற்கே இறங்கி இலங்கைக்கு வரும். பயணம் இரவில். அதனால்தான் இந்த மாதத்தில் விடியப்புறம் வீடுகளுக்குள் வந்து விழுகிறது. களைப்பு ஒரு பக்கம், கண்ணாடி இன்னொரு பக்கம்.

நீங்கள் செய்தது அத்தனையும் சரி. மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறு, பாண் ஊட்டாதீர்கள். இருட்டு, அமைதி, காற்று போகிற பெட்டி, இரண்டு மணித்தியாலம், அவ்வளவும் போதும். யன்னலின் வெளிப்பக்கம் நாலு விரல் இடைவெளியில் வெள்ளைப் பேப்பர்க் கீற்றுகள் ஒட்டிவிடுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து உவர்மலையான்:

உங்கள் தம்பி சொன்னதும் பிழையில்லை, அக்கா. நான் உவர்மலையில் பிறந்தவன், இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். நோர்வே மொழியில் இந்தக் குடும்பத்துக்கு 'த்ரோஸ்ட்' என்று பெயர். கறுப்பு த்ரோஸ்ட், சாம்பல் த்ரோஸ்ட், சிவப்புச் சிறகு த்ரோஸ்ட் என்று இங்குள்ள பிள்ளைகள் நிறத்தை வைத்தே பிரித்துச் சொல்வார்கள்.

உங்கள் தம்பி பார்த்தது சாம்பல் த்ரோஸ்டாகத்தான் இருக்கும். அதன் சாம்பல் தலையும் புள்ளி நெஞ்சும் பனிக்குள் நன்றாகத் தெரியும். ரோவன் என்று ஒரு மரம், கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். பழம் நிறையக் காய்த்த வருடத்தில் இது மாரியிலும் தங்கும். ஒருநாள் காலையில் நூறு பறவைகளுக்கு மேல் ஒரே மரத்தில் இறங்கியதைப் பார்த்தேன். பின்னேரம் வேலை முடிந்து வரும்போது மரத்தில் ஒரு பழம் இல்லை. பனி முழுக்கச் சிவப்புத் துளிகள்.

பேர்ச் மரங்களில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். காகமோ மனிதரோ கிட்டப் போனால் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வந்து குறிபார்த்து எச்சம் அடிக்கும். காகத்தின் இறகு நனைந்து ஒட்டிப் பறக்க முடியாமல் போகும் அளவுக்கு அடிக்கும். மகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது எங்களுக்கும் விழுந்தது. அன்றிலிருந்து மே மாதத்தில் அந்தப் பாதையால் போவதில்லை.

பாட்டு என்று வந்தால் கறுப்பு த்ரோஸ்ட்தான். ஆண் முழுக் கறுப்பு, மஞ்சள் அலகு. பெண் மண்ணிறம். சுவீடன்காரருக்கு இதுதான் தேசியப் பறவை. கோடையில் இங்கே இரவு இருட்டவே இருட்டாது. விடியப்புறம் மூன்று மணிக்குப் புகைபோக்கிக்கு மேலே இருந்து அது பாடும். வந்த முதல் வருடம், நித்திரை வராத நாட்களில், அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பாடும் த்ரஷ் என்று இன்னொன்று இருக்கிறது. அது ஒவ்வொரு வரியையும் இரண்டு, மூன்று தடவை திருப்பிச் சொல்லும். தேவாரம் சொல்லிக் கொடுக்கிற ஓதுவார் மாதிரி. நத்தையைக் கவ்விக்கொண்டு போய் ஒரு குறிப்பிட்ட கல்லில் அடித்து உடைத்துத் தின்னும். அந்தக் கல்லைச் சுற்றி ஓடுகள் குவிந்து கிடக்கும்.

ஸ்காபரோ தம்பி:

கனடாவிலும் உண்டு அக்கா. ராபின் என்று சொல்கிறோம், ஆனால் அது த்ரஷ். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் சிவப்பு நெஞ்சைக் கண்டதும் தங்கள் ஊர் ராபினின் பெயரையே வைத்துவிட்டார்கள். பனி உருகியதும் புல்தரையில் ஓடும், நிற்கும், தலையைச் சாய்க்கும், திடீரென்று ஒரு புழுவை இழுக்கும். எங்கள் வாசல் விளக்குக்கு மேலே மூன்று வருடமாகக் கூடு. முட்டை தனி நீலம். மகனுக்குப் படம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

கந்தளாய் ஓவசியர்:

தங்கச்சி, நான் நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவன். முப்பத்தொரு வருடச் சேவையில் நாலு வருடம் நுவரெலியாப் பக்கம், மிச்சம் முழுவதும் கந்தளாய், அல்லை, தம்பலகாமம். வாய்க்கால் வழியே நடந்த கால் இது. பறவை பார்ப்பதற்கென்று போனவன் அல்ல நான். ஆனால் வேலை விடியலில் தொடங்கும், பறவையும் விடியலில்தான் பாடும். அப்படிப் பழக்கமாகிவிட்டது. உங்கள் மகனுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெரியப்பாவின் புத்தகம். வெள்ளைக்காரர் காலத்தில் நிலத்தில் தத்தித் திரிந்து சருகு புரட்டுகிற பறவையைக் கண்டால் த்ரஷ் என்றுதான் எழுதினார்கள். தங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்வது த்ரஷ் என்பதால் அந்தக் கண்ணோடு பார்த்தார்கள். ஆறுமணிக் குருவிக்குக் கிரவுண்ட் த்ரஷ் என்ற பெயர் வந்தது அப்படித்தான். உண்மையில் அது த்ரஷுக்குக் கிட்டிய உறவே இல்லை. குரல் உறுப்பின் அமைப்பே வேறு. காகமும் குயில்போலப் பாடுகிற சோலைபாடியும் த்ரஷும் ஒரு பெருங்கிளை என்றால், பிட்டா அந்தக் கிளைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் அந்தப் பழைய ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். பீரங்கிப் படை அதிகாரியாக இங்கே இருந்த லெக் என்பவர் இலங்கைப் பறவைகளைப் பற்றி 1878க்கும் 1880க்கும் இடையில் வெளியிட்ட பெருநூலை இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். பெயர் பிழைத்தாலும் பார்த்த பார்வை பிழைக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பறவை நூல்களில் த்ரஷுக்குப் பூங்குருவி என்று எழுதுகிறார்கள். நல்ல பெயர். உலகம் முழுக்க 170க்கும் மேற்பட்ட இனங்கள். அந்தாட்டிக்காவைத் தவிர எல்லாக் கண்டத்திலும் உண்டு. நியூசிலாந்தில் இப்போது தோட்டங்களில் இருக்கிற பாடும் த்ரஷும், ஒஸ்லோத் தம்பி கறுப்பு த்ரோஸ்ட் என்று சொன்ன கரும்பறவையும் 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வாரிசுகள்.

இனி வாழிடம். இதை நான் அலவாங்கை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

எங்கள் வேலையில் மண்ணைப் பார்க்க அலவாங்கைக் குத்திப் பார்ப்போம். ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கிற நேரம் கந்தளாய்ப் பக்கம் ஒரு மேட்டுநிலத்தில் குத்தினால் 'ணங்' என்று கை அதிரும். நாலு விரல் இறங்காது. மண்புழு எங்கோ ஆழத்தில் சுருண்டு கிடக்கும். நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போன முதல் நாள், குவார்ட்டஸுக்குப் பின்னால் காண் வெட்டுவதற்காக அதே அலவாங்கைத் தூக்கிப் போட்டேன். சத்தமே இல்லை. சாண் ஆழம் தானாக இறங்கிவிட்டது. கறுத்த, ஈரமான, உளுத்த இலை மண். இழுத்தபோது அலவாங்கின் நுனியில் இரண்டு புழு. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை, சைப்பிரஸ் மரத்தடியிலிருந்து ஒரு கறுத்தப் பறவை ஓடி வந்து, வெட்டிய இடத்தில் நின்றது. செம்மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு வளையம். என் சப்பாத்துக்கும் அதற்கும் இடையில் ஆறடி இருக்கும். ஒரு புழுவைக் கவ்வி, கால் இரண்டையும் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தது. புழு நீளுகிறது, நீளுகிறது, கடைசியில் பட்டென்று வந்துவிட்டது. கயிறு இழுக்கிற ஆள் மாதிரிப் பின்னால் ஒரு அடி தள்ளாடியது. அதுதான் நான் கண்ட முதல் பூங்குருவி. ஒஸ்லோத் தம்பி சொன்ன கறுப்பு த்ரோஸ்டின் உறவுக்காரன், எங்கள் மலைநாட்டிலும் தென்னிந்திய மலைகளிலும் இருப்பவன்.

அதன் அலகு அலவாங்கு அல்ல, தங்கச்சி. மெல்லிய இடுக்கி. இறுகின மண்ணை உடைக்காது. ஈரமண், உளுத்த சருகு, புழு, நத்தை, பூச்சி, அதற்கு மேலே பழம் காய்க்கிற மரம். இவை எல்லாவற்றையும் எங்கே ஒன்றாகக் கண்டாலும் அங்கே ஏதாவது ஒரு பூங்குருவி நிற்கும். அது நோர்வேக் காடாக இருக்கலாம், கனடாப் புல்தரையாக இருக்கலாம், அந்தீஸ் மலையாக இருக்கலாம், எங்கள் சிங்கராஜாக் காடாக இருக்கலாம். நோர்வேயில் மண் பனியால் இறுகுகிறது, இங்கே வெயிலால் இறுகுகிறது. பறவைக்கு இரண்டும் ஒன்றுதான், அலகு இறங்காது. அவர்களுடைய தை மாதம் எங்களுடைய ஆவணி. அதனால்தான் அங்குள்ளவை பழத்துக்கு மாறுகின்றன, இல்லாவிட்டால் தெற்கே போகின்றன.

மகனுக்கு இதையும் சொல்லுங்கள்: மத்திய அமெரிக்காவில் கோஸ்ட்டாரிக்கா என்று ஒரு சின்ன நாடு. அங்கே நிறம் நிறமான பறவைகள் எத்தனையோ இருக்க, 1977இல் அவர்கள் தேசியப் பறவையாக எடுத்தது களிமண் நிறத்தில் ஒரு சாதாரணப் பூங்குருவியை. காரணம், வறட்சி முடிகிற காலத்தில் அது பாடத் தொடங்கும், அந்தப் பாட்டுக்குப் பின்னால் மழை வரும் என்பது கமக்காரரின் நம்பிக்கை. மழைக்காக வானம் பார்த்து நெல் விதைக்கிற எங்களுக்கு இது விளங்கும்.

திரும்ப நுவரெலியா. நகரத்து நடுவில் விக்டோரியாப் பூங்கா. பஸ் நிலையத்து இரைச்சல் உள்ளே கேட்கும். அங்கே ஓரமாக ஓடுகிற சின்ன ஓடைக்கரையில், மார்கழி, தை மாதத்தில் பின்னேரம் நாலரைக்குப் பிறகு சத்தம் போடாமல் நின்றால், கறுப்பு வெள்ளையில் ஒரு பூங்குருவி இருட்டான புதருக்குள்ளிருந்து வெளியே வரும். வெள்ளைப் புருவம், மஞ்சள் அலகு. இமயமலையிலிருந்து வருகிறது. இந்தியாவின் முழு நீளத்தையும் தாண்டி, கடலையும் தாண்டி, அந்த ஓடைக்கரைச் சருகைப் புரட்டுவதற்காக வருகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டவர்கள் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் கடைசி வருடத்தில்தான் பார்த்தேன். மூன்று பின்னேரம் வெறுங்கையோடு திரும்பி, நாலாம் நாள் கண்டேன்.

இன்னொன்று, சீழ்க்கைப் பூங்குருவி. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. மலைநாட்டுக் காட்டு அருவிக்கரையில்தான் வாழும். ஹோட்டன் சமவெளிக்குப் போகிற வழியில் அரெங்கா குளம் என்று ஒரு சின்னத் தண்ணீர் நிலை உண்டு. அந்தக் குளத்தின் பெயரே இந்தப் பறவையின் பழைய விஞ்ஞானப் பெயரிலிருந்து வந்தது. மம்மல் பொழுதில் ஒருமுறை கண்டேன். வெறும் கறுப்பு நிழல் மாதிரிக் கல்லில் இறங்கியது. திரும்பியபோது தோளில் நீலம் ஒரு தரம் பொறி தட்டியது. பத்து விநாடி இருக்காது. அழியும் ஆபத்தில் உள்ளது என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அந்த அருவிக்கரைக் காடு போனால் அதுவும் போகும். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

இனி உங்கள் கேள்வி, திருகோணமலை. கூடு கட்டி வாழ்கிற பூங்குருவி எங்களிடம் இல்லை. ஆனால் எங்கள் காட்டுக்கு ஒரு பாட்டுக்காரன் இருக்கிறான். சோலைபாடி. பழைய நூல்களில் இவனையும் த்ரஷ் குடும்பத்தில்தான் எழுதினார்கள். இப்போது ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். கன்னியாவிலிருந்து உள்ளே போகிற பாதை, கந்தளாய்க் காடு, பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி வளர்ந்த இடமென்றால் விடியலில் கேட்கலாம். கறுப்பு மேனி, செங்கல் நிற வயிறு, இடுப்பில் வெள்ளை, நீண்ட வால். ஒருநாள் மட்டம் பார்க்கிற கருவியை நிறுத்திவிட்டுப் பையனை எதிர்க்கரைக்கு அனுப்பிவிட்டு நிற்கிறேன், தலைக்கு மேலே கொப்பில் இருந்து பாடத் தொடங்கினான். நடுவில் மாம்பழத்தியின் குரல், கிளியின் குரல், எல்லாம் கலந்து. பையன் அக்கரையிலிருந்து கை காட்டுகிறான், நான் பதில் காட்டவில்லை. ஒஸ்லோத் தம்பியின் மூன்று மணிப் பாட்டுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், செய்யுங்கள். வளவைக் கூட்டிச் சருகைக் கொளுத்துகிற பழக்கத்தை விடுங்கள். மாமரத்துக்குக் கீழே ஒரு மூலையில் குவித்து, பாத்திரம் கழுவின தண்ணீரை அங்கே ஊற்றுங்கள், சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். ஒரு மழையோடு அது மலைநாட்டு மண் மாதிரி ஆகும். உங்கள் பெட்டியிலிருந்து போன அந்தக் குருவி சித்திரை வரை இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கக்கூடும். அதற்கு வேண்டியதும் அதே சருகுதான். எறும்புத்தூள், பூச்சிமருந்து எதுவும் அங்கே போடாதீர்கள். 1950களில் அமெரிக்காவில் மிச்சிகன் அரச பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு நோய் வந்து டி.டி.டி. என்கிற பூச்சிமருந்தை அடித்தார்கள். மருந்து பட்ட இலை விழுந்தது, புழு இலையைத் தின்றது, ஸ்காபரோத் தம்பி சொன்ன ராபின் புழுவைத் தின்றது. புல்தரை முழுக்க ராபின்கள் துடித்துச் செத்தன. பறவைக்கு யாரும் மருந்து அடிக்கவில்லை. மரத்துக்குத்தான் அடித்தார்கள்.

நானுஓயாப் பிள்ளை:

ஐயா எழுதியதைப் படித்தபோது வீட்டு முற்றத்தில் நின்ற மாதிரி இருந்தது. ஒரு திருத்தம் மட்டும், ஒப்படையில் பிழையாகப் போகக்கூடாது என்பதற்காக. சோலைபாடியை மாற்றியது போலவே சீழ்க்கைப் பூங்குருவியையும் மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெயரில்தான் த்ரஷ். இலங்கையில் மெய்யான பூங்குருவி என்றால், ஐயா நுவரெலியாவில் முதலில் கண்ட, புழு இழுத்த கரும்பறவை. இமயமலையிலிருந்து வருகிற கறுப்பு வெள்ளை. அப்புறம் ஈரவலயக் காட்டில் மட்டும் வாழ்கிற இரண்டு, வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. ஒன்றுக்குச் சிறகில் இரண்டு வரிசை வெள்ளைப் புள்ளி. கித்துல்கலையிலும் சிங்கராஜாவிலும் பாதையோரமாகவே நிற்கும். மற்றதுக்கு உடம்பு முழுக்க மீன்செதில் மாதிரி. அதைக் காண்பது பெரும்பாடு. செந்தலைப் பூங்குருவி இந்தியாவிலிருந்து மிக அபூர்வமாக வரும்.

இன்னொன்று, வறண்ட இடத்தில் பூங்குருவி இருக்காது என்று மகன் எழுதிவிடக்கூடாது. தென்னாபிரிக்காவின் முள்மரக் காடுகளில் நிலம் கிளறிப் பூங்குருவி என்று ஒன்று திறந்த வெட்டையிலேயே திரிகிறது.

கந்தளாய் ஓவசியர்:

பிள்ளை, திருத்தத்துக்கு நன்றி. முள்மரக் காட்டிலும் ஒன்று இருக்கிறது என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி. அப்படியென்றால் தெற்கு அத்திலாந்திக்கில் ட்ரிஸ்டன் டா குன்ஹா தீவில் இருக்கிற பூங்குருவியையும் மகன் சேர்க்கட்டும். ஆயிரக்கணக்கான மைல் சுற்றிவரக் கடல். அங்கே அது கடற்பறவைகளின் முட்டையை உடைத்துக் குடித்து வாழப் பழகிவிட்டது. அதற்காகவே நாக்கின் நுனி தூரிகை மாதிரி ஆகியிருக்கிறது.

பாலையூற்றுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. சருகு குவிக்கலாம் என்றதும் மாமி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "சருகு சேர்ந்தால் புடையன் வரும், சின்னப் பிள்ளை ஓடித் திரிகிற வளவு" என்கிறார். அதுவும் நியாயம்தானே? எங்கள் ஒழுங்கையில் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவரைக் கடித்தது.

கந்தளாய் ஓவசியர்:

மாமி சொல்வது முழு நியாயம், தங்கச்சி. நானே காட்டில் இரண்டு தரம் தப்பினவன். வீட்டிலிருந்தும் பாதையிலிருந்தும் இருபதடி தள்ளி, வேலி மூலையில் போடுங்கள். கல், ஓடு, தகரம், தேங்காய் மட்டை அதற்குள் சேர விடாதீர்கள். பாம்பு குடியிருப்பது அந்தப் பொந்துகளில். சருகை முழங்காலுக்கு மேல் குவிக்காமல் பரவலாக விரியுங்கள். பொழுதுபட்டால் டோர்ச் இல்லாமல் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. கையால் கிளறவும் கூடாது, நீட்டுத் தடிதான். மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லிப் பாருங்கள்.

பாலையூற்றுக்காரி:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். மாமி இருபதடியை அவரே நடந்து அளந்து பார்த்துத்தான் சம்மதித்தார்.

மகன் உங்கள் அலவாங்குச் சோதனையை அப்படியே செய்தான், ஐயா. மழைக்கு முதல் முற்றத்தில் மூன்று விரல். வடகீழ் மழை தொடங்கி ஐந்தாம் நாள் அதே இடத்தில் ஒரு சாண். சருகு போட்ட மூலையில் ஒரு முழத்துக்குக் கிட்ட. மூன்றையும் அடிமட்டத்தால் அளந்து ஒப்படையில் படமாகக் கீறியிருக்கிறான். பக்கத்தில் கோஸ்ட்டாரிக்காப் பறவை, ராபினின் நீல முட்டை (ஸ்காபரோத் தம்பி, படத்துக்கு நன்றி), விக்டோரியாப் பூங்காவின் ஓடை. கடைசிப் பக்கத்தில் சப்பாத்துப் பெட்டியையும் கீறி, 'இது த்ரஷ் அல்ல, ஆனால் இதனால்தான் நான் த்ரஷைப் பற்றிப் படித்தேன்' என்று எழுதியிருக்கிறான்.

முந்தாநாள் பின்னேரம் மழை விட்டிருந்தது. அப்பா திண்ணையில் இருந்து மெதுவாகக் கையைத் தூக்கினார், சத்தம் போடாதே என்கிற மாதிரி. வேலி மூலையில் பச்சை முதுகு ஒன்று நிற்கிறது. ஒரு இலையைக் கவ்வித் தூக்கிப் பக்கத்தில் போட்டது. இன்னொன்று. மூன்றாவது இலைக்குக் கீழே எதையோ இழுத்து விழுங்கியது. அப்புறம் தலையை நிமிர்த்தி, தொண்டையை நீட்டி, இரண்டு சுரம். மாமி மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

எங்கள் பெட்டிக்குள் இருந்ததுதானா என்று மகன் கேட்கிறான். நேற்றும் இன்றும் அதே நேரம் வந்தது. எந்த மாதம் மட்டும் இங்கே நிற்கும்? போகும்போதும் யன்னலில் மோதுமா?

மூதூர் கமரா:

சித்திரைக் கடைசி, வைகாசி முதல் கிழமைக்குள் போய்விடும். போவதும் இரவில்தான். பேப்பர்க் கீற்றுகளைக் கழற்றாதீர்கள். மழைக்கு உரிந்துவிட்டால் சித்திரைக்கு முதல் திரும்ப ஒட்டிவிடுங்கள்.